காலண்டர் தாளில் சுருட்டிய முடி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து தொடங்கியது. அந்தப் பொய்யை எழுதியவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்தால் என் மேல் இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும்.

ரபாத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் சலே நகரில், தப்ரிகேத் பக்கம், ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். வானொலிக்கு நாடகம் எழுதுவது என் தொழில். கீழ்த்தளத்தில் ஹஃபீதாவும் அவள் மகள் கிஸ்லானும். மூன்றாவது மாடியில் ஹஃபீதாவின் தம்பி ஜவாதும் அவன் மனைவி துரியாவும். போன அக்டோபரில் ஹஃபீதா ஒரு தட்டு நிறைய மடிப்பு ரொட்டி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவள் தட்டோடு வந்தால் ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம். முடி கொட்டுவதை நிறுத்தி, கொட்டிய இடத்திலும் முளைக்க வைக்கும் புது சீரம் ஒன்றை விற்க எடுத்திருக்கிறாளாம். கொரியாவில் கண்டுபிடித்ததாம். ஸ்டெம் செல்லாம்.* குப்பியோடு சின்ன ஊசி உருளை ஒன்றும் வரும். அதைத் தலையில் நன்றாக அழுத்தி உருட்டிவிட்டு, மேலே சீரத்தைத் தடவ வேண்டும். வாட்ஸப்பில் போட நாலு வரி வேண்டும், உன்னை விட்டால் யார் எழுதுவார்கள் என்றாள்.

எழுதினேன். "தொண்ணூறே நாளில், செத்துப்போன வேரும் கண் விழிக்கும்." ரொட்டி ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். எனக்கு அந்த வரி பிடித்தும் இருந்தது. வெட்கக்கேடு அதுதான்.

* பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை விளம்பரம் எழுதியது போதும்.

2

முதலில் இதை ஒரு கிண்டல் கதையாகத்தான் எழுத நினைத்தேன். தொடக்கம் இப்படி இருந்தது:

[ஹஃபீதா ஊரை ஏமாற்றவே பிறந்தவள். தங்கப் பல் தெரியச் சிரித்து —]

அவளுக்குத் தங்கப் பல் கிடையாது. நான்தான் ஒன்றைக் கட்டிவிடப் பார்த்தேன். நாலாவது மாடிக் கிழவர் காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தபோது ஒரு மாதம் அவருக்கு ஹரீரா சூப் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவள் இவள். வாங்கி வந்த முதல் குப்பியை யாருக்கும் விற்கவில்லை. சொந்த மகள் தலையில்தான் ஊற்றினாள். இவளைப் போய் மோசக்காரி என்று எழுதினால் என் பேனா புழுத்துப் போகும். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

[கிஸ்லானின் உச்சந்தலையில், ஒரு திர்ஹம் நாணயம் அளவுக்கு, முடியே இல்லாமல் —]

இதை மூன்று தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவை எழுத உட்காரும்போதும் அந்த இடம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. எந்த அளவைச் சொல்வது? இந்த வாக்கியத்தை முடிக்காமலே விடுகிறேன்.

ஆகவே துரியாவிலிருந்து தொடங்குகிறேன். அவள் மனசுக்குள் போய் எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "எழுது. என்னைய நல்லவளாக் காட்டணும்னு மட்டும் நெனைக்காத" என்றாள்.

3

துரியாவுக்கு வயது முப்பத்தெட்டு. மார்ச் மாதத்தில் தைஃபாய்டு வந்து பதினெட்டு நாள் படுத்துக் கிடந்தாள். எழுந்தாள், சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தாள். ஜூன் மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில், தலையணையில், மாவு பிசையும் கிண்ணத்தில். ஜவாத் தன் சட்டையிலிருந்து ஒவ்வொரு முடியாக எடுத்து, பேசாமல் குப்பையில் போடுவான். அவன் பேசாமல் இருந்ததுதான் அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

பெண்கள் கூடிக் குளிக்கும் பொது வெந்நீர்க் குளியலகமான ஹம்மாமுக்கு வியாழக்கிழமைதான் போவாள். வெந்நீர் ஊற்றிச் சீவும்போது கொத்துக் கொத்தாக வரும். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் தன் முடியை ஹம்மாமில் விட்டுவிட்டு வர மாட்டாள். ஒவ்வொரு இழையையும் தரையிலிருந்து பொறுக்கி, உருட்டி, துண்டுக்குள் முடிந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். யார் கையில் அகப்பட்டு என்ன செய்வினைக்குப் போகுமோ, யாருக்குத் தெரியும். துரியாவைக் கேட்டால் சூனியத்தில் நம்பிக்கை இல்லை என்பாள். ஆனால் எதற்கு வம்பு என்று பொறுக்கிக்கொள்வாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்வது? மண்ணில் புதைக்க வேண்டும். மூன்றாவது மாடியில் மண்ணுக்கு எங்கே போவாள்? ஒரு முறை கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். குழாய் அடைத்துக்கொண்டது. குழாய்க்காரன் கட்டடத்துச் சனம் முழுக்கப் பார்க்க, கயிறு மாதிரி அதை இழுத்துப் போட்டான். அதோடு அந்த வழி சரிவராது என்று விட்டுவிட்டாள். அடுப்படிச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கும். அன்றைய தாளைக் கிழிப்பாள், அன்றைய முடியை அதில் வைத்துச் சுருட்டுவாள், காலியான பச்சைத் தேயிலைப் பெட்டிக்குள் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைப்பாள். பெருநாளைக்கு ஜவாதின் சித்தப்பா தோட்டத்துக்குப் போகும்போது புதைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பெருநாளும் வந்து போனது, தோட்டத்துக்குப் போகவில்லை. பெட்டி நிறைந்துகொண்டே வந்தது.

நானும் ஹம்மாமில் என் முடியைப் பொறுக்குவேன். படித்தவள், வானொலிக்காரி என்று சொல்லிக்கொண்டு, தரையில் குனிந்து பொறுக்குவேன்.

4

அக்டோபர் இரண்டாவது வாரம் ஹஃபீதா ஒரு குப்பியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள். நாத்தனார் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் துரியாவுக்கு இல்லை. தடவினாள். ஜனவரியில் நெற்றி ஓரமெல்லாம் விரல் நீளத்துக்குப் புது முடி எழுந்து நின்றது. துரியா சந்தோஷத்தில் தலைமுடிக்கு மருதாணி போட்டுக்கொண்டாள். ஜூலையில் யார் கல்யாணத்திலோ எடுத்த துரியாவின் படத்தையும் ஜனவரியில் எடுத்த படத்தையும் ஹஃபீதா பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள், கீழே என் வரியைப் போட்டாள், தப்ரிகேத் முழுக்க அனுப்பினாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முன்னே ஒரு படம், பின்னே ஒரு படம், நடுவில் ஒரு குப்பி. இதே வேலையைத்தான் நானும் இருபது வருஷமாக நாடகத்தில் செய்துகொண்டிருக்கிறேன். முன்னே ஒரு துக்கம், பின்னே ஒரு சிரிப்பு, நடுவில் ஏதோ ஒன்று நடந்தது. அதனால்தான் மாறியது என்று கேட்பவர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். நான் அதை நிரூபிக்கக்கூட வேண்டாம்.

ஹம்மாமில் பெண்கள் வாளியை வாளியோடு உரசிக்கொண்டு துரியாவைச் சூழ்ந்தார்கள். தலையைத் தொட்டுப் பார்த்தார்கள். எத்தனை சொட்டு, காலையிலா மாலையிலா, உருளையை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கேட்டார்கள். துரியாவும் பதில் சொன்னாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. தடவினேன், வளர்ந்தது என்றாள். இரண்டும் உண்மைதான்.

அவளுக்குச் சந்தேகம் வந்தது ஒரு சாதாரண வேலையால்தான். பெட்டியில் இடம் போதவில்லை, வேறு பெட்டிக்கு மாற்றலாம் என்று கொட்டினாள். தாள்களைத் தேதிவாரியாக அடுக்கினாள். ஜூலைத் தாள்களில் இருந்த உருண்டை எலுமிச்சம்பழ அளவு. ஆகஸ்ட் கடைசியில் ஆலிவ் அளவு. செப்டம்பர் முடிவில் கொண்டைக்கடலை. அக்டோபர் முதல் வாரத்தில் தாளுக்குள் முடி இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. குப்பி வீட்டுக்குள் வந்தது அதற்கும் அடுத்த வாரம்.

தரையில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். காய்ச்சலில் போன முடி தன்பாட்டுக்குப் போயிருக்கிறது, தன்பாட்டுக்குத் திரும்பியிருக்கிறது. குப்பி வந்து சேர்ந்தபோது வேலையெல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

5

இதோடு போயிருந்தால் கதையே இல்லை. ஊரில் நாலு பேர் வாசனைத் தண்ணீரைத் தடவிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? துரியாவும் அப்படித்தான் நினைத்து, பெட்டியை மூடி வைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை ஹம்மாமில் கிஸ்லான் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வயது பத்தொன்பது. அழைப்பு மையத்தில் வேலை, நாளெல்லாம் தலையில் ஒலிவாங்கி மாட்டியிருப்பாள். ஹஃபீதா மகளின் தலையைத் தன் மடியில் சாய்த்து, உச்சியில் உருளையை உருட்டிக்கொண்டிருந்தாள். பாசத்தோடுதான். நெற்றியில் முத்தம் கொடுத்துக்கொண்டே. கிஸ்லான் துண்டின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். துரியா அந்த இடத்தைப் பார்த்தாள். அது அவளுடைய தலை மாதிரி இல்லை. அங்கே தோல் வழவழவென்று பளபளத்தது. மயிர்க்கால் குழிகூட இல்லை. ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

வலிக்குதா என்று கேட்டாள். "வலிக்கல மாமி, எரியுது. முடி கொட்டினதே எனக்குத் தெரியல. எரிச்சல்தான் தெரியும், போன வருஷத்துலேர்ந்து" என்றாள் கிஸ்லான். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், பெட்டியிலேயே போட்டிருக்கிறான் என்றாள் ஹஃபீதா.

இந்தப் பெண்ணை ஒரு டாக்டரிடம் காட்டவில்லையே, காட்டாததற்குத் தன் தலையில் முளைத்த முடிதானே காரணம் என்று துரியா நினைத்து நினைத்து மாய்ந்தாள். இந்தச் சமயத்தில்தான் அவள் என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் என்ன செய்தேன்? கதைக்கு நல்ல விஷயம் கிடைத்தது என்று குறிப்பேட்டைத் திறந்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த வாரம்தான் மாடிப்படியில் ஹஃபீதா என்னை நிறுத்தி, நன்றி சொல்கிற மாதிரி ஒன்றைச் சொன்னாள். மகள் தலையில் தடவ முதலில் அவளுக்குப் பயமாக இருந்ததாம். நான் எழுதிக் கொடுத்ததைப் படித்த பிறகுதான் தைரியம் வந்ததாம். அவள் நல்ல எண்ணத்தில் சொன்னாள்.

6

வெள்ளிக்கிழமை, கூஸ்கூஸ் சாப்பிட்டு முடித்து ஆண்கள் வெளியே போன நேரம். துரியா தேயிலைப் பெட்டியோடு கீழே இறங்கினாள். ஹஃபீதா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூத்தவளை மரியாதையாக அழைக்கிற முறைப்படி, லல்லா, ஒன்று காட்ட வேண்டும் என்று சொல்லி, துரியா தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். பிரித்துக் காட்டி, தேதியைச் சொல்லி, பெரிதிலிருந்து சிறிதுக்கு வருவதை விளக்கப்போகிறாள். மனசுக்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்த்திருந்தாள்.

ஹஃபீதா பார்த்தது வேறு. எழுத்து அச்சிட்ட தாள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, தொழுகை நேரம், ஒரு துஆ. அதற்குள் முறுக்கிச் சுருட்டிய முடி. மேசைக்கு வந்தது மட்டுமே நாற்பதுக்கு மேல் பொட்டலம். இதைப் பார்த்து எங்கள் ஊரில் யாருக்கும் கணக்குத் தோன்றாது, செய்வினைதான் தோன்றும்.

"யாரோட முடி இது?"

"என்னோடதுதான், லல்லா. நீங்க தேதியப் பாருங்க."

"உன் முடி செம்பட்டையால்ல இருக்கு. இது கறுப்பு. இது எம்பொண்ணு முடி."

மருதாணி போடுவதற்கு முன்னால் கொட்டிய முடி என்று துரியா சொன்னாள். சொன்னதே காதில் விழவில்லை. ஹஃபீதாவின் உதடு ஓதிக்கொண்டிருந்தது. கை மேசையைத் தொடாமல் பின்னுக்குப் போனது. தன் மகளின் உச்சந்தலைக்கு ஒரு வருஷமாக அவள் தேடிய காரணம் இதோ கண்முன்னால் வரிசை கட்டி நிற்கிறது. பாவம், அவள் வேறு எதை நினைப்பாள்?

"எம்மகளுக்கு என்னடி செஞ்ச?" என்று மட்டும் கேட்டாள். கத்தவில்லை. துரியாவுக்குக் கத்தியிருந்தாலே பரவாயில்லை என்றிருந்தது.

[இங்கே துரியா கண்ணீரோடு உண்மையை விளக்கினாள் என்றும், ஹஃபீதா மனம் மாறி —]

இல்லை. மாறவில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஜவாத் மனைவியைத்தான் திட்டினான்: முடியை வைத்துக்கொண்டு போய் அக்காவுக்குப் பாடம் நடத்தினாயா, உனக்குக் கிறுக்கா என்று. ஹஃபீதா ஓதிய நீர் வாங்கி வந்து வீடெல்லாம் தெளித்தாள். உருளையை வாரம் ஒரு தடவை உருட்டியவள் இரண்டு தடவை உருட்ட ஆரம்பித்தாள். உண்மையைச் சொல்லப் போய், அந்தப் பெண்ணின் தலைக்கு இன்னும் கேடுதான் வந்தது. கதாபாத்திரத்தை இந்த நிலையில் விட்டுவிட்டு இரண்டு வாரம் வானொலி வேலை பார்த்தேன். எனக்கு வழி தெரியவில்லை.

7

வழி கண்டுபிடித்தது நான் இல்லை, கிஸ்லான். இந்தக் கதையில் அவளுக்கு நான் இரண்டு வரிதான் ஒதுக்கியிருந்தேன்.

ஒரு காலை வேலைக்குப் போகிற வழியில் மூன்றாவது மாடிக்கு ஏறி, அந்தப் பெட்டியைக் காட்டச் சொன்னாள். பயமா இல்லையா என்று துரியா கேட்டாள். கிஸ்லான் தரையில் உட்கார்ந்து, தாள்களைப் பிரித்தாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். அக்டோபர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கு அந்தக் குப்பி ஒண்ணுமே பண்ணல."

"பண்ணலடி."

"எனக்கும் பண்ணல மாமி. எனக்குத் தெரியும். உம்மா மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்ல வரல."

இருவரும் டிராம் பிடித்து ஆற்றைத் தாண்டி ரபாத்துக்குப் போனார்கள். டாக்டர் ஒரு பெண். விளக்கு வைத்த கண்ணாடியால் பார்த்தார், மிளகு அளவு தோலை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார், ஒரு தையல் போட்டார். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. வேர் இருந்த இடத்தில் தழும்பு கட்டுகிற வியாதி. டாக்டர் சொன்னதை துரியா எனக்கு அப்படியே ஒப்பித்தாள்: "போனது போனதுதாம்மா. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம். ஊசியும் மருந்தும் போட்டு நெறைய பேருக்கு நின்னுருக்கு, சில பேருக்கு நிக்கல. நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். அந்த உருளைய மட்டும் இன்னிக்கே தூக்கிப் போடு."

உருளையை எத்தனை மாதமாக உருட்டுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அக்டோபரிலிருந்து என்று சொன்னாள் கிஸ்லான். டாக்டர் அதை எழுதிக்கொண்டாராம். நான் அன்று அழுதேன். கதைக்காக இல்லை.

கிஸ்லான் வீட்டுக்குப் போய் உம்மாவிடம் எல்லாம் சொன்னாள். ஹஃபீதா நம்பவில்லை. டாக்டருக்கு என்ன, அவரும் ஒரு மருந்தை விற்கிறவர்தானே என்றாள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. இப்போது கிஸ்லானிடம் டாக்டரின் மருந்துச் சீட்டு இருக்கிறது, மருந்து வாங்கவில்லை. உம்மா உருளையோடு மடியில் படுக்கச் சொன்னால் படுத்துவிடுகிறாள். உச்சந்தலையைத் தானே பார்த்துத் தடவ முடியாது, உம்மா கையால்தான் தடவ வேண்டும், உம்மா மனசு வைத்தால் சரி என்கிறாள். பத்தொன்பது வயதுப் பெண், தனியாக முடிவெடுக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் சொன்னேன். என் அம்மாவை நான் எத்தனை தடவை எதிர்த்தேன் என்று திருப்பிக் கேட்டாள்.

8

முடிவுகளைப் பார்ப்போம்.

முடிவு ஒன்று: மருந்து வேலை செய்து உச்சந்தலையில் குட்டி முடி எழுகிறது. வானொலியில் இதைத்தான் கேட்பார்கள், பின்னணியில் புல்லாங்குழலும் வைப்பார்கள். தழும்பில் முடி முளைக்காது. இதை எழுதினால் நான் இரண்டாவது தடவை பொய் எழுதியவள்.

முடிவு இரண்டு: ஹஃபீதா மனம் திருந்தி, குப்பிகளையெல்லாம் சாக்கடையில் —

[விடுங்கள்.]

மூன்றாவதை யோசித்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. காலை பதினோரு மணி. திறந்தால் ஹஃபீதா. முக்காடு சரியாகப் போடவில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"டாக்டர் என்னமோ சொல்றாரு, துரியா என்னமோ சொல்றா, குப்பில என்னமோ போட்டிருக்கு. நான் பெத்தவ, யாரை நம்புவேன்? நீ படிச்சவ. சோடிச்சுச் சொல்லாத. போன எடத்துல முடி வருமா, வராதா?"

இருபது வருஷமாக எழுதுகிறேன், இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நல்ல வரி எதுவும் வாயில் வரவில்லை.

"வராது, லல்லா" என்றேன்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீர் எடுத்து வரத் திரும்பினேன், வேண்டாம் என்று கையைப் பிடித்து நிறுத்தினாள். அழவில்லை. கீழே மாடிப்படியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரி. டாக்டர் மருந்தப் போட்டா, இருக்கறதாவது நிக்குமா?"

இதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. கட்டாயம் நிற்கும் என்று நான் சொன்னால் இந்த நிமிடமே இறங்கிப் போய் உருளையைத் தூக்கி எறிவாள், பிற்பகலுக்குள் மருந்து வாங்கிவிடுவாள். அது அக்டோபரில் நான் எழுதிய வரிக்குத் தங்கச்சிதான். நிற்காமல் போனால் அப்புறம் எந்த டாக்டரிடமும் மகளைக் கூட்டிப்போக மாட்டாள். டாக்டர் சொன்னது போல, நெறைய பேருக்கு நின்றிருக்கிறது, சில பேருக்கு இல்லை என்று சொன்னால் அதுதான் உண்மை. ஆனால் குப்பியோ பெட்டி மேலேயே சத்தியம் பண்ணிக் கொடுக்கிறது. பயந்துபோன ஒரு தாய் சத்தியம் பண்ணுகிறவன் பக்கம்தானே போவாள்?

என் கையை அவள் இன்னும் விடவில்லை. எழுதி எழுதி அடிக்கிற வசதி இந்தப் பதிலுக்கு இல்லை. கோழைத்தனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், இதை நான் முடிக்கப்போவதில்லை. இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள், கிஸ்லானையும் தெரியும், இவளையும் தெரியும். இப்போது உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். என்ன சொல்லப்போகிறீர்கள்?